பதினெட்டாவது வீடியோ

நிமியா அந்த வீட்டில் வந்து இறங்கியபோது மதியம் பன்னிரண்டரை மணி. வில்லாரிக்கா நகரில் அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். தெருவின் செம்மண் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஒரு நாய் சுவரோரம் கிடைத்த ஒரு முழ நிழலுக்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. வண்டி வந்து நின்ற சத்தத்துக்கு அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

தெர்லிஸ் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் இறக்கினான். ஏ.சி. பழுதுபார்க்கப் போகிற வண்டி அது. மேலே ஏணி கட்டியிருந்தது. உள்ளே செம்புக் குழாய்களும் கேஸ் வாடையும். அன்று காலையில்தான் பக்கத்து ஊரான ஒவியெதோவின் பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது, முதல் கல்யாணம். அவனுக்கு நாற்பத்தாறு, இரண்டாவது.

பழைய வீடு. உயரமான கூரை, நீளமான நடை, கடைசியில் மாமரத்தைப் பார்த்த பின்தாழ்வாரம். உள்ளே நுழைந்ததும் நிமியாவின் கண்ணில் பட்டவை சுவரில் இருந்த வெளிறிய சதுரங்கள்தான். ஏழெட்டு இருக்கும். படங்கள் மாட்டியிருந்த இடங்கள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்," என்றான் தெர்லிஸ். "உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதில்ல."

அவள் நெகிழ்ந்துபோனாள். அந்த நெகிழ்ச்சி ஒரு வாரம் தாங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சதுரங்கள் அவளை உறுத்த ஆரம்பித்தன. படம் இருந்திருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்று விட்டிருக்கலாம். வெற்றுச் சுவரில் அவளே ஒரு முகத்தை வரைந்து வரைந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த முகம் முன்னைவிட அழகாக வந்தது.

முதல் மனைவியின் பெயர் ஸூனில்டா. செத்து மூன்று வருஷம். மாரடைப்பு என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய் எதையாவது ரிப்பேர் செய்ய ஆரம்பித்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெர்லிஸின் தங்கை மிர்தா குடும்பத்தோடு வந்தாள். தெர்லிஸ் முற்றத்தில் கறி சுட்டான். சாப்பாடு முடியும் நேரத்தில் மிர்தா ஒரு பையைத் திறந்து நீல நிறக் கவுன் ஒன்றை எடுத்து உதறினாள்.

"ஸூனி அண்ணியோடது. எங்க வீட்டுலயே தங்கிப்போச்சு. வீணாப் போகுதேன்னு உங்களுக்கு எடுத்துட்டு வந்தேன் அண்ணி." அவள் கவுனைப் பார்த்தாள், பிறகு நிமியாவைப் பார்த்தாள். "ஆனா இது உங்களுக்கு ஒரு கைக்குத்தான் காணும்போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நிமியாவும் சிரித்தாள்.

"அவங்க ஓலை மாதிரி இருப்பாங்க. இந்தத் தெருப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தவங்க இல்லியா," என்று மிர்தா தன் புருஷனிடம் சொன்னாள். தெர்லிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே எலும்பைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

நிமியாவுக்கு முழங்கால் வலி வேறு இருந்தது. ஆனால் மறுநாள் அவள் போனை எடுத்ததற்குக் காரணம் முழங்கால் அல்ல.

காலையில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. பதினொன்றரைக்கு வீடு வந்துவிடுவாள். தெர்லிஸ் கோடைக்காலத்தில் சாயங்காலம்தான் வருவான். ஊரே தூங்கும்போதுதான் ஏ.சி.க்கள் கெட்டுப்போகும் என்பான். ஆகவே மதியம் முழுக்க வீட்டில் அவள் தனி. பின்தாழ்வாரத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து, போனை ஒரு பூந்தொட்டியில் சாய்த்து வைத்தாள். 'வீட்டிலேயே இடுப்புச் சதை குறைய' என்று அடித்தாள்.

முதலில் வந்தவன் உடம்பெல்லாம் எண்ணெய் பூசியிருந்தான். மூன்று நிமிஷம் அவன் சொன்னபடி குனிந்து நிமிர்ந்த பிறகுதான், அவன் விற்பது பயிற்சியை அல்ல, ஆண்களுக்கான உள்ளாடையை என்று அவளுக்குப் புரிந்தது. அதுவும் அவன் திரும்பி நின்று காட்டிய பிறகு. அவசரமாகத் தள்ளிவிட்டு, 'இடுப்பு இளக' என்று தேடினாள். ஒரு பெண் படுத்துக்கொண்டு கால்களை அகட்டி மூச்சுவிட்டாள். அது பிரசவத்துக்கான மூச்சுப் பயிற்சி. அது புரிவதற்குள் இன்னொன்றும் புரிந்தது. சத்தம் போனிலிருந்து வரவில்லை. தெர்லிஸ் தாழ்வாரத்து மூலையில் வைத்திருந்த பெரிய கறுப்பு ஸ்பீக்கரில் போன் தானாகவே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. முக்கலும் முனகலும் மாமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அணைப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஞா பிளாசிதா. அந்த ஊரில் வயதான பெண்களை 'ஞா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"மகளே நிமியா! புருஷன் மத்தியானமே வந்துட்டானா?"

"ஐயோ இல்ல ஞா பிளாசிதா! இது உடற்பயிற்சி!"

"நாங்களும் அந்தக் காலத்துல அதுக்கு அப்படித்தான்டி பேரு வச்சிருந்தோம்!"

நிமியா வெட்கத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது. ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி, சத்தத்தைக் குறைத்துவிட்டு, வரிசையாக வந்த சின்னச் சின்னப் படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

ஒரு படத்தைத் தாண்டிப் போன விரல் திரும்பி வந்தது.

'ஸூனியுடன் அரைமணி நேரம்.'

ஊதா பனியன் போட்ட ஒரு பெண், கைகளை இடுப்பில் வைத்து நின்றாள். காலடியில் சிவப்பும் மஞ்சளுமான சிமெண்ட் ஓடுகள். நடுவில் எட்டு இதழ்ப் பூக்கோலம். அதில் ஒரு ஓடு மட்டும் திருப்பிப் பதிக்கப்பட்டிருந்தது. கொத்தனார் செய்த பிழை.

அந்தப் பிழையை நிமியா தினமும் பெருக்குகிறாள். இப்போதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீடியோவைத் தொட்டாள். ஸூனி சிரித்தாள். மெலிந்த கழுத்து, பெரிய பல்வரிசை. சுவரில் வரைந்து வைத்திருந்த முகம் அளவுக்கு அழகில்லை. ஒரு நொடி நிமியாவுக்கு மனசு லேசானது.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் சிரிப்பு கேட்டது. தொண்டை வரை நிறைந்த, அடக்க முடியாத சிரிப்பு.

"நேரா நில்லு சிட்டே, தலை வெட்டுப்படுது!"

தெர்லிஸின் குரல்.

அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அவளை அவன் கூப்பிடுவது 'நிமியா' என்றுதான்.

அன்று அவள் பயிற்சி எதுவும் செய்யவில்லை. மொத்தம் பதினேழு வீடியோக்கள். அத்தனையையும் அந்த மதியமே பார்த்து முடித்தாள். நாலாவதில் அவன் கை மட்டும் உள்ளே வந்து ஸூனியின் கழுத்து வியர்வையைத் துண்டால் ஒற்றியது. ஒன்பதாவதில் அவள் நாக்கைத் துருத்தினாள். கேமரா அவன் சிரிப்பில் குலுங்கியது. ஐந்து வருஷம் முன்னால் போட்டவை. ஒவ்வொன்றின் கீழும் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒன்று என்றிருந்தது.

அந்த ஒருத்தி தான்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பாள்.

தெர்லிஸிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் கேட்பான். கேட்டால் காட்ட வேண்டும். காட்டினால் அவன் அந்த முகத்தை மறுபடி பார்ப்பான். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது. சுவரிலிருந்து அவனே இறக்கிவைத்த முகத்தைத் தன் கையாலேயே ஏந்திக் கொண்டுபோய்க் கொடுப்பதா?

மறுநாள் மதியம் அவள் எழுந்து நின்றாள். 'இவ செய்றத நான் செய்ய மாட்டேனா' என்று வாய்விட்டே சொன்னாள். ஸூனி முழங்காலை உயர்த்தினால் அவள் இன்னும் ஒரு விரல் உயர்த்தினாள். ஸூனி பத்து முறை குந்தி எழுந்தால் அவள் பன்னிரண்டு முறை. பல்லைக் கடித்துக்கொண்டு, வெறுப்போடு செய்தாள். ஜெராக்ஸ் கடையில் இருக்கும்போதே மதியத்துக்காக மனசு அரிக்க ஆரம்பித்தது.

இரண்டு மாதத்தில் பாவாடைகளில் ஊக்கு குத்த வேண்டியிருந்தது. முழங்கால் வலி போயிற்று. அத்தோடு வேறு சிலதும் வந்தன. ஈரக் கையை உதறும்போது அவள் மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினாள். முன்பு அப்படிச் செய்ததில்லை. மிர்தா ஒருநாள் வாசலில் நின்றவள், உள்ளேயிருந்து நடந்து வந்த நிமியாவைப் பார்த்துச் சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மிர்தா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வெயில் கண்ணைக் கட்டுது."

அன்று மிர்தா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். நிமியாவுக்கு அது வெற்றியாகத்தான் பட்டது.

அந்த ஊரின் உச்சக் கோடையான ஜனவரியில் ஒரு சாயங்காலம். நிமியா புதிதாக வாங்கிய பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனாள். மூலிகை போட்ட குளிர்ந்த தெரெரே பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த தெர்லிஸ் குழலை வாயிலிருந்து எடுத்தான்.

"உன் நடை மாறியிருக்கு."

"நல்லா இருக்கா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு," என்று அவள் இடுப்பைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான். சிரித்தான். சின்னச் சிரிப்புதான். ஆனால் தொண்டையிலிருந்து வந்தது.

மறுநாள் மதியம் அவள் தாழ்வாரத்தில் போனைத் திறந்தபோது பதினெட்டு வீடியோக்கள் இருந்தன.

பதினெட்டாவதில் பாட்டு இல்லை. கேமராவுக்குப் பின்னால் சிரிப்பும் இல்லை. ஸூனி பூக்கோலத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். கைகள் தொங்கின. பல் தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது.

பச்சைக் கவுன்.

நிமியா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். காலையில் துவைத்துப் போட்ட கவுன் கொடியில் ஆடாமல் தொங்கியது. காற்றே இல்லை. வீடியோவுக்குள் மட்டும் அது ஆடியது, யாரோ அதன் விளிம்பைப் பிடித்துப் பார்ப்பதுபோல.

போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மதியம் முழுக்க வாசல் படியில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தெர்லிஸ் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அவன் வந்தான், செருப்பைக் கழற்றினான், "என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றான். அவள் வாயைத் திறந்தாள்.

"தலைவலி," என்றாள்.

இரண்டு நாள் போனைத் தொடவில்லை. அந்த இரண்டு நாளும் அவளைத் தின்றது பயத்தைவிட வேறொன்று. அந்தப் பெண் அவளிடம் என்ன சொல்ல நின்றாள்? தன்னிடமிருந்து அவள் எடுத்துக்கொள்ள இன்னும் என்ன இருக்கிறது? மூன்றாம் நாள், புதன்கிழமை, பன்னிரண்டே முக்காலுக்கு, நிமியா தாழ்வாரத்தில் நின்று பதினெட்டாவது வீடியோவைத் தொட்டாள்.

"முழங்கால உயர்த்து," என்றாள் ஸூனி.

மெல்லிய குரல். காதுக்குள் பேசுவதுபோல.

நிமியாவின் வலது முழங்கால் உயர்ந்தது.

"ஒண்ணு. மாத்து. ரெண்டு. மாத்து."

நின்ற இடத்திலேயே நடக்கும் பயிற்சி. எத்தனையோ தடவை செய்ததுதான். மாமரத்தில் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரேயடியாக ஓய்ந்தன. தைல வாடை வந்தது. தசைவலிக்குத் தேய்க்கிற, மூக்கைச் சுடுகிற தைலம். அந்த வீட்டில் அப்படி ஒரு தைலம் இல்லை.

"அவன் சட்டைய யார் துவைக்கிறா?"

நிமியா கால் மாற்றிக்கொண்டே திரையைப் பார்த்தாள். ஸூனி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்."

"காலரைத் தேய்ச்சா கிழிஞ்சிரும். ஊற வைக்கணும். பதினொண்ணு. மாத்து. கட்டில்ல நீ எந்தப் பக்கம் படுக்குற?"

"இடது பக்கம்."

"அது என் பக்கம்."

நிமியா நிறுத்த நினைத்தாள்.

கால்கள் நிற்கவில்லை.

இடது, வலது. இடது, வலது. தொடை எரிந்தது. கையை நீட்டிப் போனை எடுக்கப் பார்த்தாள். கை இடுப்பை விட்டு வர மறுத்தது. வெறுங்காலின் கீழே ஓடுகள் அடுப்புக் கல் மாதிரி சுட்டன. அந்தத் தாழ்வாரத்தில் வெயில் விழுவதே கிடையாது.

"ஒரே ஒண்ணு கேக்குறேன்," என்றது குரல். "உண்மையச் சொல்லிட்டா விட்டுடறேன்."

இடது. வலது.

"உன்ன ஒரு தடவையாவது 'சிட்டே'ன்னு கூப்பிட்டிருக்கானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. மூச்சு அறுந்துகொண்டிருந்தது, கண் இருட்டிக்கொண்டிருந்தது, அப்போதும் நிமியாவின் நெஞ்சில் ஏதோ ஒன்று விறைத்துக்கொண்டு நின்றது. இவளிடம் போயா ஒப்புக்கொள்வது?

"தினமும்," என்றாள் நிமியா. "தினமும் கூப்பிடுறான்."

திரையில் ஸூனியின் வாய் மெதுவாகத் திறந்தது.

பிறகு எண்ணிக்கை வேகம் பிடித்தது.

நாற்பது. நாற்பத்தொண்ணு. நாற்பத்திரண்டு. ஒயர் பிடுங்கிக் கிடந்த கறுப்பு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது அந்தக் குரல். கூரையிலிருந்தும் வந்தது. நிமியாவின் கால்கள் ஓட ஆரம்பித்தன. நின்ற இடத்திலேயே ஓட்டம். உள்ளங்கால் வழுக்கியது, வியர்வை என்று நினைத்தாள். குனிய முடியாததால் அது ரத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஞா பிளாசிதா ஊஞ்சல் படுக்கையில் படுத்திருந்தாள். முதல் எண்ணிக்கையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷம் அந்தத் தாழ்வாரத்தில் அந்தக் குரலின் எண்ணிக்கைக்குக் கையைக் காலைத் தூக்கியவள் அவள். மண்ணுக்குள் போன குரல். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தெர்லிஸுக்குப் போன் செய்தாள்.

"எங்கடா இருக்க? உடனே வீட்டுக்கு வா. எதுவும் கேக்காத. ஸூனி எண்ணுறாடா!"

தெர்லிஸ் இரண்டு தெரு தள்ளி ஒரு பல் மருத்துவரின் கூரையில் இருந்தான். ஏணியில் பாதி இறங்கி, பாதி குதித்து, வண்டியைக்கூட எடுக்காமல் ஓடிவந்தான்.

தாழ்வாரத்து வாசலில் அவன் நின்றதை நிமியா பார்த்தாள். அவன் முதலில் பார்த்தது அவளை அல்ல, போனை. அவ்வளவு துன்பத்திலும் அவள் அதைக் கவனித்தாள்.

"இருநூத்திப் பத்து," என்றது ஸ்பீக்கர்.

தெர்லிஸ் நிமியாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். அவள் கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டே இருந்தன. போனை எட்டி உதைத்தான். அது சுவரில் மோதிக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. நொறுங்கிய கண்ணாடிக்குள்ளிருந்து அந்த முகம் பார்த்துக்கொண்டே இருந்தது.

"நிறுத்து!" என்று கத்தினான்.

"இருநூத்திப் பதினாறு."

தெர்லிஸ் நிமியாவை மார்போடு அணைத்தபடியே ஓடுகளின்மேல் உட்கார்ந்தான். கத்தவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில் பேசினான்.

"சிட்டே."

எண்ணிக்கை நின்றது.

"சிட்டே, போதும். நான் வந்துட்டேன் பாரு. அன்னைக்கு லேட் பண்ணிட்டேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு நீ போன் பண்ணினே. இந்தா வரேன்னு சொல்லிட்டு இன்னொரு வேலைய முடிச்சிட்டு வந்தேன். நீ இங்கதான் கெடந்தே. கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு." "எடுத்த வீடியோ அவ்வளவும் அழிச்சிட்டேன். பாக்க முடியல சிட்டே. தப்பு என்னோடது. இவள விட்டுரு."

தைல வாடை இன்னொரு தடவை வந்து, போயிற்று. மாமரத்தில் ஒரு சில்வண்டு தயங்கித் தயங்கிக் கத்த ஆரம்பித்தது. நிமியாவின் கால்கள் விழுந்தன.

அவன் அணைப்பில் கிடந்தபடி, உள்ளங்கால் தோல் உரிந்து, உயிர் போய் உயிர் வந்த நேரத்தில், அவள் மனசுக்குள் ஓடியது ஒன்றுதான். அந்த வார்த்தையை அவன் எவ்வளவு மென்மையாகச் சொன்னான்! மூன்று தடவை. மூன்றும் தன் காதோரத்தில். ஒன்றுகூடத் தனக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். காலில் கட்டு, கையில் டிரிப்ஸ். வெயிலில் வெறுங்காலோடு நின்றுவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னார்கள். கடைசி நாள் தெர்லிஸ் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்காததையும் சொன்னான்.

"எங்கிட்ட ஏன் காட்டல நிமியா?"

"காட்டினா நீ பாப்பியே."

அவன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். முகச்சவரம் செய்யாத கன்னம். "அந்த வீட்டுக்கு இனிமே போக வேணாம்," என்றான்.

போகவில்லை. மிர்தாவே போய்ச் சாமான்களைக் கட்டிக் கொடுத்தாள். போனைச் சுத்தியலால் தட்டி, துண்டுகளைக் குப்பையில் போட்டார்கள். பாதிரியார் வந்து தாழ்வாரத்தில் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஞா பிளாசிதா தன் போனில் எவ்வளவோ தேடிப் பார்த்தாள். 'ஸூனியுடன் அரைமணி நேரம்' என்று எங்கேயும் எதுவும் இல்லை.

தெற்கே, பரானா ஆற்றங்கரையில் என்கர்னாசியோன் நகரம். அங்கே மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்தது. புதுக் கட்டடம், புது வெள்ளைச் சுவர்கள். வெள்ளைக் கம்பி போட்ட பால்கனியில் நின்றால் ஆறு முழுக்கத் தெரியும், அக்கரையில் அர்ஜென்டினா. தெர்லிஸுக்கு ஒரு ஹோட்டலில் ஏ.சி. பார்க்கிற நிரந்தர வேலை. ஆறு மாதத்தில் நிமியாவின் உடம்பு பழையபடி பூசிவிட்டது. அவள் அதை வரவேற்றாள். கை உதறும்போது மணிக்கட்டு சுழலுவதில்லை. தெர்லிஸ் இப்போது அடிக்கடி சிரித்தான். தொண்டையிலிருந்து வருகிற சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறான் என்று அவள் கேட்பதில்லை. சிரிக்கிறான், அது போதும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் ஆற்றங்கரைச் சாலையில் நடக்கப் போனார்கள். இளங்குளிர். தண்ணீரின்மேல் வெயில் பரவியிருந்தது. தெர்லிஸ் சூடான சீப்பா ரொட்டி வாங்க வண்டிக்காரனை நோக்கிப் போனான். நிமியா கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

"டீச்சர்! நீங்கதானே டீச்சர்?"

"யாரு?"

"அட, நீங்கதான்! முகத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. நான் தினமும் உங்க வீடியோவ வச்சுத்தான் செய்றேன். முழங்காலுக்கு எதாவது கெடைக்குமான்னு தேடினப்போ வந்துச்சு. மொதல்ல என்னென்னமோ கண்றாவியெல்லாம் வந்துது, அப்புறம் நீங்க வந்தீங்க!" அவள் சிரித்தாள். "ஆத்தப் பாத்த பால்கனி, வெள்ளைக் கம்பி. இந்த ஊராத்தான் இருக்கும்னு அப்பவே நெனச்சேன்."

நிமியா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கல் சில்லென்று இருந்தது.

"கேமரா பிடிக்கிறது உங்க வீட்டுக்காரர்தானே? அவர் சிரிக்கிறதக் கேட்டா எனக்கும் சிரிப்பு வந்துரும். ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா டீச்சர்? தப்பா எடுத்துக்காதீங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குப் பின்னால நாற்காலியில ஒரு அக்கா உக்காந்தே இருக்காங்களே, ஊதா பனியன் போட்டு. அவங்க ஏன் ஒண்ணுமே செய்றதில்ல? கண்ணக்கூடச் சிமிட்ட மாட்டேங்கிறாங்க."

ஆறு ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நிமியா கேட்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. எந்த வீடியோ, என்றைக்குப் போட்டது, யார் போட்டது. அவள் வாயில் வந்தது வேறு.

"அவன் சிரிக்கிறப்போ கேமரா யார் பக்கம் இருக்கும்?"

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"ஆரம்பத்துல உங்க பக்கம்தான் டீச்சர். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த அக்கா பக்கம் திரும்பிடும்."

தூரத்தில் தெர்லிஸ் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். அவன் பார்வை நிமியாவின் தோளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தது.